ஜேன் கொடுத்த ஒரு பவுண்டு நோட்டு: போமாண்ட் குழந்தைகள் வழக்கு

கேள்வி இதுதான்: "1966-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கடற்கரையில் காணாமல் போன போமாண்ட் குழந்தைகள் மூவரையும் கடத்தியது உள்ளூர் ஆலை முதலாளி ஒருவர்தான் என்று தெரிந்துவிட்டதாமே, உண்மையா? தெரிந்துவிட்டதென்றால் வழக்கு ஏன் இன்னும் திறந்தே கிடக்கிறது?"

தெரிந்துவிடவில்லை. அந்த மனிதரின் மீது சந்தேகம் உண்டு. சந்தேகத்துக்குக் காரணங்களும் உண்டு. ஆனால் அவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டதில்லை, நீதிமன்றம் அவரை விசாரித்ததில்லை, 2004-ல் இறந்தும் போனார். அதனால் அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இந்த வழக்கில் சந்தேக நபர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பஞ்சமெல்லாம் உறுதியான தகவலுக்குத்தான். நமக்கு நிச்சயமாகத் தெரிந்தவை அனேகமாக ஒரே நாளின் ஒரு முற்பகலுக்குள் அடங்கிவிடுகின்றன. மற்றவை ஆண்டுகள் கழித்துச் சொல்லப்பட்டவை, நினைவிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவை. எனவே அந்த முற்பகலிலிருந்து தொடங்குகிறேன்.

1966 ஜனவரி 26, புதன்கிழமை. ஆஸ்திரேலியா தினம், பள்ளிகளுக்குக் கோடை விடுமுறைக் காலம். தென்கோளத்தில் ஜனவரி என்றால் கொளுத்தும் கோடை. அடிலெய்டின் புறநகரான சோமர்ட்டன் பார்க்கில் ஜிம், நான்சி தம்பதியின் வீடு. மூத்தவள் ஜேனுக்கு ஒன்பது வயது, ஆர்னாவுக்கு ஏழு, தம்பி கிராண்டுக்கு நான்கு. மூவரும் காலையில் பஸ் ஏறி கிளெனெல்க் கடற்கரைக்குப் போனார்கள். தூரம் சுமார் மூன்று கிலோமீட்டர். பஸ்ஸில் ஐந்து நிமிடம். மதியம் பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பன்னிரண்டு மணி பஸ்ஸில் அவர்கள் வரவில்லை. இரண்டு மணி பஸ்ஸிலும் வரவில்லை. வேலையாக வெளியே சென்றிருந்த ஜிம் மூன்று மணியளவில் வீடு திரும்பி, விஷயம் தெரிந்ததும் நேராகக் கடற்கரைக்குக் காரை ஓட்டினார். விடுமுறைக் கூட்டத்தில் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், மாலையில் போலீஸில் புகார் கொடுத்தார்கள்.

"நான்கு வயதுப் பிள்ளையைப் பெரியவர் துணையில்லாமல் கடலுக்கு அனுப்புவார்களா?" என்று இதைப் படிக்கிறவர்கள் உடனே கேட்பார்கள். அன்றைய அடிலெய்டில் அனுப்புவார்கள். பகல் வேளை, பழகிய பஸ், பழகிய கடற்கரை, பொறுப்பான மூத்த அக்கா. அதற்கு முந்தின நாளும் அவர்கள் அதே கடற்கரைக்குப் போய் வந்திருந்தார்கள். போலீஸோ பத்திரிகைகளோ அப்போது பெற்றோரைக் குறை சொல்லவில்லை. அந்தப் பழி சொல்லும் வழக்கமெல்லாம் பின்னால் வந்தது. ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளைத் தனியே வெளியே அனுப்பும் பழக்கம் இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் மாறியது என்று அந்தத் தலைமுறையினர் பலர் சொல்வதுண்டு.

முதலில் கடலில் மூழ்கியிருப்பார்களோ என்றுதான் பயந்தார்கள். ஆனால் அது பொருந்தவில்லை. மூழ்கியவர்களின் துணிமணி கரையில் கிடக்க வேண்டும். இவர்கள் கொண்டு போன துண்டு, பை, உடை என்று மொத்தம் பதினேழு பொருட்களைப் போலீஸ் பட்டியலிட்டது. அவற்றில் ஒன்றுகூடக் கரையில் இல்லை. இன்றுவரை எங்கேயும் கிடைக்கவும் இல்லை. சாமான்களை எடுத்துக்கொண்டு, உடை மாற்றிக்கொண்டு, தங்கள் கால்களாலேயே நடந்து கடற்கரையை விட்டுப் போயிருக்கிறார்கள்.

யாருடன் போனார்கள் என்பதற்குப் பல சாட்சிகள் இருந்தார்கள். கடற்கரையை ஒட்டிய கோலி ரிசர்வ் என்ற புல்வெளியில் மூன்று குழந்தைகளும் ஓர் ஆளுடன் விளையாடிக் கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இவர்கள். உயரமான, ஒல்லியான முகம் கொண்ட, வெளிர் நிறத் தலைமுடியுடைய, வெயிலில் நிறமேறிய உடம்புடைய ஆள். நீச்சல் உடையில் இருந்தான். வயது முப்பதுகளின் நடுவில் இருக்கும் என்றார்கள். குழந்தைகள் அவனுடன் சிரித்து விளையாடினார்கள், அச்சப்பட்டவர்களாகத் தெரியவில்லை. பிறகு அவன் அவர்களுக்கு உடை மாட்டவும் உதவியிருக்கிறான். இதைக் கேட்டதும் பெற்றோர் திகைத்தார்கள். ஜேன் கூச்ச சுபாவம் உள்ளவள். அறிமுகமில்லாத ஆண் ஒருவனை அந்த அளவுக்கு நெருங்க விடுகிறவள் அல்ல.

அப்போதுதான் நான்சிக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சில நாட்களுக்கு முன் ஆர்னா விளையாட்டாக, ஜேனுக்குக் கடற்கரையில் ஒரு 'பாய்ஃபிரண்ட்' இருக்கிறான் என்று சொல்லியிருந்தாள். தன் வயதுப் பையன் யாரோ விளையாட்டுத் துணையாகக் கிடைத்திருக்கிறான் என்று எண்ணி, அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தத் தாய்தான் எடுத்துக்கொண்டிருப்பாள்?

மோஸ்லி தெருவில் இருந்த வென்சல் பேக்கரியில் கிடைத்ததுதான் என் பார்வையில் இந்த வழக்கின் கனமான தடயம். கடைக்காரருக்கு இந்தக் குழந்தைகளைத் தெரியும். அன்று ஜேன் வந்து பேஸ்டிகளும் ஒரு மீட் பையும் வாங்கினாள். பேஸ்டி என்பது நம் ஊர் பஃப்ஸ் மாதிரி, உள்ளே காய்கறியோ இறைச்சியோ பொதிந்தது. மீட் பை இறைச்சி அடைத்த வட்டமான பண்டம். இந்தக் குழந்தைகள் இதற்கு முன் மீட் பை வாங்கியதே இல்லை என்றார் கடைக்காரர். அதைவிட முக்கியம், ஜேன் காசுக்குப் பதிலாக ஒரு பவுண்டு நோட்டை நீட்டினாள். அம்மா கொடுத்தனுப்பியது பஸ்ஸுக்கும் மதியத் தீனிக்கும் போதுமான சில்லறை மட்டுமே. ஒரு பவுண்டு என்றால் இருபது ஷில்லிங். ஒன்பது வயதுச் சிறுமி கையில் சாதாரணமாகப் புழங்கும் தொகை அல்ல. (மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 14-ஆம் தேதி ஆஸ்திரேலியா பவுண்டை விட்டு டாலருக்கு மாறியது. அந்த நோட்டு தன் கடைசி நாட்களில் இருந்தது.)

இதனோடு இன்னொரு சாட்சியத்தைச் சேர்த்துப் பாருங்கள். புல்வெளியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அந்த ஆள் வந்து, தங்கள் சாமான்களை யாராவது தொட்டார்களா, பணத்தைக் காணோமே என்று விசாரித்திருக்கிறான். குழந்தைகளின் பஸ் காசு 'திருடு போய்விட்டது'. அதே வேளையில் ஜேன் கையில் ஒரு பவுண்டு நோட்டு. எனக்குத் தோன்றுவது, புலனாய்வில் இருந்தவர்களும் யோசித்ததுதான். காசை எடுத்தவன் அவனே. காசு போனதும் குழந்தைகளால் பஸ் ஏற முடியாது, அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஜேன் கலங்குவாள். அந்த நேரத்தில் சாப்பிட வாங்கிக் கொடுத்து, நானே வீட்டில் கொண்டு போய் விடுகிறேன் என்று சொல்லுகிற பெரியவர் அவளுக்குக் கடவுளாகத் தெரிந்திருப்பார். இது ஊகம்தான், நீதிமன்றத்தில் நிற்காது. ஆனாலும் மீட் பை, நோட்டு, தவறவிட்ட பன்னிரண்டு மணி பஸ், குழந்தைகள் துளியும் பயப்படாதது ஆகிய நான்கையும் ஒரே நூலில் கோக்கும் வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. முரட்டுத்தனமாக இழுத்துச் சென்றவனாக இருந்தால் விடுமுறை நாள் கூட்டத்தில் யாராவது பார்த்திருப்பார்கள். கூச்சலுக்கே இடம் வைக்காமல், முன்பே பழகி, நம்பிக்கையை வளர்த்து அழைத்துப் போயிருக்கிறான்.

பன்னிரண்டேகால் மணியளவில் அந்த ஆளும் குழந்தைகளும் கடற்கரையை விட்டுச் சேர்ந்து நடந்து போனதைப் பார்த்தவர்கள் உண்டு. கதை இத்துடன் நின்றிருந்தால் போலீஸுக்குக் குழப்பம் குறைந்திருக்கும். ஆனால் ஒரு தபால்காரர் இருந்தார். குழந்தைகளை நன்றாக அறிந்தவர். மூன்று மணியளவில் ஜெட்டி ரோட்டில் மூவரும் கைகோத்துச் சிரித்தபடி, கூட யாருமில்லாமல், கடற்கரைக்கு எதிர்த்திசையில் நடந்து போனதைப் பார்த்தேன் என்றார். நம்பகமான மனிதர், முகம் தெரிந்த குழந்தைகள், சந்தேகிக்கக் காரணமே இல்லை. அப்படியானால் மூன்று மணிநேரம் தாமதமான குழந்தைகள், வீட்டில் திட்டு விழும் என்று தெரிந்தும், சாவகாசமாக எங்கே போய்க்கொண்டிருந்தார்கள்? அந்த ஆள் எங்கே? பிற்பாடு அந்தத் தபால்காரரே, தான் பார்த்தது காலை நேரமாகவும் இருக்கலாம் என்றார். காலை என்றால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை; மூன்று மணி என்றால் மொத்த வழக்கும் தலைகீழாகிறது. இப்படி ஒரே ஒரு மனிதரின் கடிகார நினைவில் இந்த வழக்கு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சினிமாவில் வரும் துப்பறிவாளருக்கு இந்தக் கஷ்டமெல்லாம் வருவதில்லை. நான் பன்னிரண்டேகால் மணியின் பக்கம்தான் சாய்கிறேன். அது சரியென்றால், புகார் போகும் முன்பே அவனுக்குப் பல மணிநேரம் கிடைத்திருக்கிறது. அத்தனை நேரத்தில் காரில் எவ்வளவு தூரமும் போய்விடலாம்.

தேடுதலில் போலீஸ் சளைக்கவில்லை. அன்று மாலை மூன்று குழந்தைகளிடம் பேசியதாக ஒரு பெண் சொன்னதை வைத்து, ஜனவரி 29-ஆம் தேதி கிளெனெல்க் அருகே படவலோங்கா படகுத்துறையின் நீரையே வடித்துத் தரையை அலசினார்கள். ஒன்றும் இல்லை. பல மாதங்கள் கழித்து இன்னொரு பெண், அன்றிரவு ஓர் ஆள் இரண்டு சிறுமிகளுடனும் ஒரு சிறுவனுடனும் பக்கத்துக் காலி வீட்டுக்குள் போனான், அந்தச் சிறுவன் பிறகு தனியே நடந்து வந்தபோது துரத்திப் பிடித்தான், மறுநாள் காலையில் அந்த வீடு மறுபடி காலியாக இருந்தது என்றார். மாதக்கணக்காக ஏன் பேசாமல் இருந்தார் என்பதற்குப் பதிலில்லை.

பிறகு வேறு வகையான ஆட்கள் வந்தார்கள். 1966 நவம்பரில், நெதர்லாந்தின் புகழ்பெற்ற ஞானதிருஷ்டிக்காரரான ஜெரார்ட் குரோயிசெட்டை அடிலெய்டுக்கு வரவழைத்தார்கள். நாளுக்கு ஒரு கதை சொன்ன அவர், கடைசியில் குழந்தைகளின் பள்ளிக்கு அருகே இருந்த ஒரு கிடங்கின் தரையைக் கைகாட்டினார். புதிதாகக் கான்கிரீட் போட்ட கிடங்கு, முன்பு செங்கல் சூளை இருந்த இடம். உரிமையாளர்கள் தயங்கினார்கள். பொதுமக்கள் 40,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். உடைத்துத் தோண்டினார்கள், ஒரு துணித்துண்டுகூட இல்லை. விஷயம் அத்தோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. 1996-ல் அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதியை இடித்தபோது மறுபடியும் முழுதாகத் தோண்டிப் பார்த்தார்கள். மறுபடியும் வெறும் மண். நம் ஊரில் மை போட்டுப் பார்க்கிறவர்களை நம்பி ஏமாறுகிறவர்களைக் கேலி செய்கிறோம். படித்த, வசதியான ஒரு நகரம் முப்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை அதே குழியில் விழுந்தது.

அதைவிடக் கொடுமையானது கடித விவகாரம். குழந்தைகள் போய் இரண்டு ஆண்டு ஆன பிறகு, ஜேன் எழுதியதாகவே வீட்டுக்குக் கடிதங்கள் வந்தன. விக்டோரியா மாநிலத்தின் டாண்டினாங் ஊர் தபால் முத்திரை. நாங்கள் நன்றாக இருக்கிறோம், எங்களை வைத்திருப்பவர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்ற தொனி. அந்த 'வைத்திருப்பவர்' பெயரிலும் ஒரு கடிதம் வந்தது: குழந்தைகளைத் திருப்பித் தரத் தயார், இன்ன இடத்துக்கு வாருங்கள். ஜிம்மும் நான்சியும் மாநிலம் விட்டு மாநிலம் போனார்கள். பின்னாலேயே ஒரு துப்பறிவாளர் மறைவாகப் போனார். காத்திருந்தார்கள்; யாரும் வரவில்லை. அடுத்து வந்த 'ஜேன்' கடிதம், போலீஸை அழைத்து வந்ததால்தான் அவர் எங்களைத் தரவில்லை என்றது. அதாவது, தாங்கள் செய்த தவறால்தான் பிள்ளைகள் கிடைக்காமல் போனார்கள் என்று அந்தப் பெற்றோர் நினைக்கும்படி எழுதப்பட்டது. 1992-ல், முன்னேறிய கைரேகைத் தொழில்நுட்பத்தால் அதை எழுதியவர் யாரென்று கண்டுபிடித்தார்கள். அப்போது அவருக்கு 41 வயது; எழுதியபோது பதின்வயதுப் பையன். வேடிக்கைக்காகச் செய்தாராம். காலம் கடந்துவிட்டதால் வழக்குப் போடவில்லை. இந்த வழக்கில் திட்டவட்டமாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரே ஆள் அந்த வேடிக்கைக்காரர்தான்.

இனி சந்தேக நபர்கள். பதினைந்து வயதுச் சிறுவனைக் கொன்றதற்காக 1984-ல் தண்டனை பெற்ற பெவன் ஸ்பென்சர் வான் ஐனம், கடற்கரையிலிருந்து மூன்று குழந்தைகளைக் கொண்டுபோனதாகத் தன்னிடம் பெருமையடித்தார் என்று ஒரு சாட்சி போலீஸிடம் சொன்னார். கேட்கும்போது உலுக்குகிறது. ஆனால் 1966 ஜனவரியில் வான் ஐனமுக்கு வயது 19. சாட்சிகள் பார்த்ததோ முப்பதுகளின் நடுவில் இருந்த ஆளை. விக்டோரியாவில் 1969-ல் ஒரு சிறுமியைக் கொன்று, மனநிலை காரணமாக வாழ்நாளின் பெரும்பகுதியைக் காவலிலேயே கழித்த டெரிக் பெர்சிக்கு அப்போது 17. குயின்ஸ்லாந்தில் இரு சிறுமிகளின் கொலைக்காக 1998-ல் கைதாகி, ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராததால் தீர்ப்பின்றி விடுபட்ட ஒரு முதியவர் பெயரும் அடிபட்டது; அவருக்கு 1966-ல் 53. பதினேழும் பத்தொன்பதும் ஐம்பத்து மூன்றும் சாட்சிகள் சொன்னதை வைத்து வரைந்த ஒரே படத்தோடு 'ஒத்துப் போகின்றன' என்றால், படம் யாரோடும் ஒத்துப்போகும் என்றுதான் பொருள். ஆஸ்திரேலியாவில் குழந்தைகளுக்குத் தீங்கு செய்த கொடியவன் எவன் பிடிபட்டாலும், அடுத்த வாரமே அவனை கிளெனெல்க் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்திப் பார்ப்பது அங்கே ஒரு வழக்கமாகிவிட்டது.

நீங்கள் கேட்ட ஆலை முதலாளி இந்த வரிசையில் கொஞ்சம் வேறுபட்டவர், ஒப்புக்கொள்ள வேண்டும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வசதியான வீடு. ஒரு பவுண்டு நோட்டுகளைத் தாராளமாகக் கொடுக்கும் பழக்கம் உள்ளவர் என்று சொல்லப்பட்டது. அவர் மீது குற்றம் சாட்டியவர்களில் அவருடைய மகனும் ஒருவர். தவிர, இரண்டு சகோதரர்கள் முன்வந்து, சிறுவர்களாக இருந்தபோது அதே விடுமுறை சமயத்தில் அவருடைய ஆலை வளாகத்தில் குழி தோண்டச் சொல்லிப் பணம் கொடுத்தார் என்றார்கள். நார்த் பிளிம்ப்டனில் இருக்கும் அந்த வளாகத்தைப் போலீஸ் 2013-ல் தோண்டியது. தரைக்கு அடியில் மண் ஒரு காலத்தில் கிளறப்பட்டிருக்கிறது என்று கருவிகள் காட்டியதால் 2018 பிப்ரவரியில் மறுபடி தோண்டியது. கிடைத்தவை விலங்கு எலும்புகள். 2025-ல் போலீஸைச் சாராத தனி முயற்சியாக, தெற்கு ஆஸ்திரேலிய அரசியல்வாதி ஃபிராங்க் பங்கலோ முன்னின்று, அதே வளாகத்தில் இன்னும் பரந்த இடத்தைத் தோண்டினார்கள். அப்போதும் ஒன்றும் இல்லை. மூன்று முறை தோண்டி ஒன்றும் கிடைக்காததால் அவர் குற்றமற்றவர் என்று ஆகிவிடாது. ஆனால் அவர்தான் என்று சொல்வதற்கான ஆதாரம் எதுவும் அந்த மண்ணிலிருந்து வரவில்லை. அவருக்கு எதிராக இன்று மிஞ்சியிருப்பவை பிறர் சொன்ன நினைவுகள் மட்டுமே.

"டிஎன்ஏ வந்த பிறகும் ஏன் முடியவில்லை?" என்பார்கள். டிஎன்ஏ-வுக்கு ஏதாவது ஒரு பொருள் வேண்டும். போமாண்ட் வீடு இருந்த அதே சோமர்ட்டன் கடற்கரைப் பகுதியில் 1948-ல் அடையாளம் தெரியாத ஓர் ஆணின் உடல் கிடைத்தது. இறந்த பின் எடுத்த அவரது பிளாஸ்டர் முக அச்சில் ஒட்டியிருந்த முடியை வைத்து, 2022-ல் அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அவர் மெல்போர்னைச் சேர்ந்த கார்ல் வெப் என்று அறிவித்தார். எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட புதிரை ஒரு முடி அவிழ்த்தது. போமாண்ட் வழக்கில் அந்த ஒரு முடியும் இல்லை. சம்பவ இடம் எது என்பதே தெரியாது. உடல் இல்லை, உடை இல்லை, அவன் தொட்ட பொருள் இல்லை. அந்தப் பவுண்டு நோட்டும் பேக்கரிக் கல்லாவிலிருந்து கைமாறிப் போய்விட்டது.

1973 ஆகஸ்ட் 25 அன்று அடிலெய்டு ஓவல் மைதானத்தில் கால்பந்துப் போட்டியின்போது ஜோஆன் ராட்கிளிஃப் என்ற பதினொரு வயதுச் சிறுமியும் கிர்ஸ்டி கார்டன் என்ற நான்கு வயதுக் குழந்தையும் காணாமல் போனார்கள். இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். இரண்டு வழக்குகளிலும் வரைந்த படங்களுக்கு இடையே உள்ள சாயலைக் காட்டுவார்கள். அதே நகரம், பட்டப்பகல், கூட்டமான பொது இடம் என்ற ஒற்றுமைகள் மறுக்க முடியாதவை. ஆனால் ஓவலில் அந்தச் சிறுமி போராடியதையும், ஓர் ஆள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விரைந்ததையும் பார்த்தவர்கள் இருந்தார்கள். கிளெனெல்கில் நடந்ததோ பொறுமையான, சிரிப்போடு நடந்த காரியம். ஒரே ஆள் ஏழு ஆண்டில் இவ்வளவு மாறுவானா? மாறலாம், எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஜிம்மும் நான்சியும், குழந்தைகள் திரும்பி வந்தால் வீடு தெரியாமல் போய்விடக் கூடாது என்று பல ஆண்டுகள் அதே வீட்டிலேயே இருந்தார்கள். பிற்காலத்தில் பிரிந்து வாழ்ந்தார்கள். நான்சி 2019-ல் தமது 92-ஆவது வயதிலும், ஜிம் 2023-ல் 97-ஆவது வயதிலும் இறந்தார்கள். துப்புக் கொடுப்பவருக்குத் தெற்கு ஆஸ்திரேலிய அரசு அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசை இதுவரை யாரும் பெறவில்லை. கோப்பும் மூடப்படவில்லை. அந்த ஆளின் வயதைச் சாட்சிகள் சரியாகக் கணித்திருந்தால், உயிரோடிருந்தால் அவன் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பான். ஆகவே வாக்குமூலத்தை இனி எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. அந்தப் பதினேழு பொருட்களில் ஏதாவது ஒன்று எவருடைய பரணிலோ மண்ணடியிலோ கிடைப்பது ஒன்றுதான் வழக்கை நகர்த்தக்கூடிய வழி.